தீவகத்துக்கும் வந்துசேரும் புற்றுநோய்க் குளிசை

நெடுந்தீவைச் சேர்ந்த ஒருவருக்கு வாய்ப்புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டுக் கதிர்வீச்சுச் சிகிச்சை தீர்மானமானால், கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு கிழமையளவு அவர் தெல்லிப்பழைக்கு வரவேண்டியிருக்கும். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் பஸ் நிலையம். பிறகு தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ். சோளகம் அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. நயினாதீவுக்காரருக்குக் கடல் குறுகல். ஊர்காவற்றுறைக்காரருக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவாருக்கோ தினமும் போய்வருவது நடக்காத காரியம். வாயும் தொண்டையும் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காத நிலையில், உறவினர் வீட்டில் தங்கியிருந்துதான் அவர் சிகிச்சையை முடிக்கவேண்டும்.

தெல்லிப்பழையில் இந்த வசதி இருப்பதே பெரிய காரியம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய பணம் அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது. அதற்கு முன் வடபகுதி நோயாளிகள் பலருக்குக் கொழும்பை அடுத்த மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைதான் கதி.

புற்றுநோய்க்கு எதிராக உடலின் சொந்த நிர்ப்பீடனத்தை எழுப்பும் மருந்துகள் பற்றிய பேச்சு இந்தப் பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் பெருகிவிட்டது. அவற்றுள் பெயர்பெற்றவை பெரும்பாலும் பிறபொருளெதிரிகள். உயிருள்ள கலங்களைத் தொட்டிகளில் வளர்த்து எடுக்கப்படும் இந்தப் புரதங்களின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 1,50,000. குளிரூட்டியில் வைத்துக் காக்கவேண்டும், நாளத்தினூடாக ஏற்றவேண்டும், விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. அவற்றுக்குப் பக்கத்தில் வேதியியலாளர் குடுவையில் தொகுக்கும் சிறுமூலக்கூறு மருந்து இருக்கிறது. அதன் நிறை சில நூறுதான். குளிசையாக்கலாம், மேசை இழுப்பறையில் வைக்கலாம், காப்புரிமை முடிந்தபின் யாரும் மலிவாகச் செய்யலாம். 1971இல் அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கும் கொள்கையை இந்த நாட்டுக்குத் தந்தார். அந்தக் கொள்கை முழுப்பயன் தரக்கூடியது இப்படிப்பட்ட மருந்துகளில்தான்.

ஆகவே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: உடலின் முதற்காவலான உள்ளார்ந்த நிர்ப்பீடனத்தைப் புற்றுநோய்க்கு எதிராக எழுப்பும் சிறுமூலக்கூறு ஒன்றை வடிவமைக்க முடியுமா? இதுவரை நடந்தவற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றுவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுப்புவது கடினமாக இருந்ததே இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு நேரத்துக்கு எழுப்புவது என்பதில்தான் நூற்று முப்பது ஆண்டுகளாக எல்லோரும் இடறியிருக்கிறார்கள்.

நமக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. இலங்கை ஆண்களிடையே மிக அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த கூட்டே அதன் முதன்மைக் காரணி. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிசெய்தது. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தப் பயிர் வேலணை, புங்குடுதீவு மண்ணிலும் விளைந்தது. அதனால் வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் தீவகத்தில் உண்டு. புகைக்காத புகையிலைப் பொருள்களின் விற்பனையை இலங்கை 2016இல் தடைசெய்தது. ஆனால் இரவுக் கடலில் கண்விழித்து வலை இழுப்பவரின் மடியிலிருந்து வெற்றிலைச் சரை இன்னும் போய்விடவில்லை.

உள்ளார்ந்த நிர்ப்பீடனம் பிறக்கும்போதே கூட வருவது. குறிப்பிட்ட கிருமியை முன்பு சந்தித்திருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இன்ன வகைப் பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்து சில மணித்தியாலங்களில் எச்சரிக்கை எழுப்பும். அந்த எச்சரிக்கையைக் கேட்டபிறகே குறிபார்த்துத் தாக்கும் டி கலங்கள் பயிற்சி பெற்றுப் புறப்படும். புற்றுக்கட்டி உடலின் சொந்தக் கலங்களால் ஆனது என்பதால் இந்த முதல் எச்சரிக்கையே பல வேளைகளில் எழுவதில்லை. அதை மருந்தால் எழுப்பிவிட்டால் மிச்சத்தை உடல் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை நம்பிக்கை.

நம்பிக்கை பழையது. நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி 1891இல், கழுத்துக்கட்டியால் சாகக் கிடந்த ஓர் இத்தாலியக் குடியேறிக்கு வேண்டுமென்றே பற்றீரியாவை ஊசியேற்றினார். கடும் காய்ச்சல் வந்தது, கட்டி கரைந்தது, அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பிறகு கொல்லப்பட்ட பற்றீரியாக் கலவையை நூற்றுக்கணக்கானோருக்குக் கோலி கொடுத்தார். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. யார் பிழைப்பார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1976இல் கனடாவில் ஆல்வரோ மொராலெஸ், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்புமருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி அங்குள்ள மேலோட்டமான புற்றுநோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். அது இன்றும் வழக்கமான சிகிச்சை. 1948 முதல் சென்னை கிண்டியில் தயாரிக்கப்பட்டுவந்த அதே வகை மருந்துதான். பி.சி.ஜி. வெற்றிபெற்றதற்கு ஒரு காரணம் தெளிவு: அது சிறுநீர்ப்பை என்ற மூடிய பைக்குள் நிற்கிறது. இடம் கட்டுப்பட்டிருக்கிறது.

சிறுமூலக்கூறுகளின் வரலாறு ஒரு பூச்சி மருந்திலிருந்து தொடங்குகிறது. ஆடு மாட்டுக்குப் புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல் நிர்ப்பீடனத்தையும் தூண்டுவதாகத் தெரியவந்து, 1990இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு வேறொரு மருந்துடன் சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெண்குருதிக் கலங்கள் ஆபத்தாகக் குறையும் பக்கவிளைவு ஒருபுறம், அதைவிட நல்ல கூட்டு கிடைத்தது மறுபுறம். பத்து ஆண்டில் அங்கே சந்தையை விட்டுப் போய்விட்டது. அது உடலில் எதைத் தொட்டு வேலைசெய்தது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

இமிகுவிமோட் இன்னும் சுவையான கதை. மூலக்கூற்று நிறை 240தான். 1997இல் பாலுறுப்பு மருக்களுக்கும், 2004இல் தோலின் ஒரு வகை மேலோட்டமான புற்றுநோய்க்கும் பூசுமருந்தாக அனுமதிக்கப்பட்டது. அது பற்றிக்கொள்ளும் ஏற்பி டி.எல்.ஆர். 7 என்பது 2002இல்தான், ஜப்பானில் ஷிசுவோ அகிராவின் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. இந்த ஏற்பிக் குடும்பத்தின் கதையை 1989இலேயே ஊகித்தவர் சார்ல்ஸ் ஜேன்வே. பழ ஈயில் ஜூல்ஸ் ஹொஃப்மனும், எலியில் புரூஸ் பொய்ட்லரும் அதை நிறுவி 2011இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரிசின் மறுபாதி ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு. அவர் கணையப் புற்றுநோயோடு, தான் கண்டுபிடித்த நிர்ப்பீடனக் கலங்களைத் தன் உடலிலேயே பரீட்சித்தபடி வாழ்ந்து, அறிவிப்புக்கு மூன்று நாள் முன் இறந்துபோனார்.

இமிகுவிமோட்டைத் தோலில் பூசினால் அங்கேயே நின்று வேலைசெய்கிறது. வாய்வழி கொடுத்துப் பார்த்தபோது உடல் முழுதும் காய்ச்சல், நடுக்கம், களைப்பு. மருந்து எழுப்பியது, ஆனால் ஊரையே எழுப்பிவிட்டது. இந்த அனுபவத்திலிருந்து நல்ல பாடம் படித்த மருந்து ஒன்று தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானோர் அறிந்த தடுப்பூசிக்குள் இருக்கிறது. திருத்தணிப் பக்கத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லா நிறுவிய பாரத் பயோடெக்கின் கோவாக்சின் 2021 சனவரியில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்றது. அதன் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் துணைப்பொருளை உருவாக்கியது அமெரிக்காவின் கன்சாஸில் சுனில் டேவிட் நடத்தும் சிறு நிறுவனம். டி.எல்.ஆர். 7, 8 இரண்டையும் தூண்டும் சிறுமூலக்கூறை அலுமினிய உப்போடு ஒட்டவைத்தார்கள். உப்பு அதைச் சுமந்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே போனபிறகே மூலக்கூறு கழன்று வேலைதொடங்கும். குருதியில் அலையாது. தொற்றுநோய்த் தடுப்பூசியில் இந்த ஏற்பிகளைத் தூண்டும் துணைப்பொருள் அனுமதி பெற்றது அதுவே முதல் முறை. புற்றுநோய்க்குச் செய்ததல்ல என்றாலும், இடத்தைக் கட்டுப்படுத்த வேதியியலால் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

இனி ஸ்டிங். இந்தப் பத்தாண்டின் பெரும் முயற்சி இதைச் சுற்றியே நடக்கிறது.

டி.என்.ஏ. இருக்கவேண்டிய இடம் கலத்தின் கரு. கருவுக்கு வெளியே, கலச்சாற்றில் அது தென்பட்டால் வைரசு புகுந்திருக்கலாம், அல்லது கலமே சிதைந்துகொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் நொதியம் சிகாஸ். டெக்சாஸில் ஜேம்ஸ் சென் குழுவினர் 2013 தொடக்கத்தில் இதை அறிவித்தார்கள். சிகாஸ் டி.என்.ஏ.யைத் தொட்டதும் சிஜிஏஎம்பி என்ற சிறிய தூது மூலக்கூறை உண்டாக்குகிறது. அந்தத் தூது போய்ச் சேரும் புரதம், கிளென் பார்பர் 2008இல் விவரித்த ஸ்டிங். இரண்டு சம பாதிகள் சேர்ந்த அந்தப் புரதம், தூதைப் பெற்றதும் நண்டு கொடுக்கை மடிப்பதுபோல் மேலே மூடிக்கொள்கிறது. அந்த அசைவிலிருந்து, எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரோனைச் சுரக்கும் கட்டளை பிறக்கிறது.

இந்தப் பொருத்தத்தில் அணு அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்தின் ஒக்லாந்து ஆய்வாளர் படைத்த டிஎம்எக்ஸ்ஏஏ காட்டியது. எலிகளின் கட்டிகளை அது கரைத்தது. அரிய வெற்றியாகப் பட்டது. கட்டியின் குருதிக்குழாய்களை அது அழிக்கிறது என்பதே அப்போதைய விளக்கம். பெரிய மருந்து நிறுவனம் ஒன்று அதைக் கைக்கொண்டது. நுரையீரல் புற்றுநோயாளர் ஏறக்குறைய 1,300 பேரிடம் மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்து, 2010இல் பயனில்லை என்று நிறுத்தப்பட்டது. காரணம் மூன்று ஆண்டுக்குப் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது: டிஎம்எக்ஸ்ஏஏ எலியின் ஸ்டிங்கில் இறுகப் பொருந்துகிறது, மனிதனின் ஸ்டிங்கில் பொருந்துவதே இல்லை. மனித ஸ்டிங்கின் 230ஆம் இடத்திலுள்ள கிளைசினை எலிக்குரிய ஐசோலியூசினாக மாற்றிப் பார்த்தபோது மருந்து அதிலும் வேலைசெய்தது. ஒரேயொரு அமினோ அமிலம். அந்த 1,300 பேரும் தம் நோயின் நடுவே நேரத்தைத் தந்தவர்கள். அந்தத் தோல்வியை விஞ்ஞான வரலாற்றின் சுவையான சம்பவமாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இலக்கு எது என்று தெரியாமல் மனிதரிடம் கொண்டுபோகாதே என்ற விதி அவர்களால் எழுதப்பட்டது.

அடுத்து வந்தவை இயற்கைத் தூதையே சற்று மாற்றிச் செய்த மூலக்கூறுகள். பொசுபேற்றுகளின் மின்னேற்றம் காரணமாக அவை கலமென்சவ்வைத் தாண்டத் திணறின. கலங்களுக்கு வெளியே ஈஎன்பிபி 1 என்ற நொதியம் இயற்கைத் தூதை வெட்டிப்போடுவதும் தெரிந்திருந்தது. ஆகவே கட்டிக்குள் நேரே ஊசி குத்தவேண்டியிருந்தது. 2016 முதல் மனிதரிடம் பரிசோதிக்கப்பட்ட ஏடியூ எஸ்100 மிகச் சிலரிடமே கட்டியைச் சுருக்கியது. அதை உருவாக்கிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்திருந்த பெரிய நிறுவனம் 2019இல் விலகிக்கொண்டது. ஊசி எட்டாத ஆழத்தில் உள்ள கட்டிக்கு இந்த வழி உதவாது என்பது வேறு.

உண்மையான வடிவமைப்பு அதன் பிறகே தொடங்கியது என்பேன். 2018இல் ஜோஷி ராமஞ்சுலு முதலானோர் பொசுபேற்றே இல்லாத புதிய வகையை வெளியிட்டனர். ஸ்டிங்கின் இரு பாதியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்த இரண்டு சிறு மூலக்கூறுகளை ஒரு பாலத்தால் இணைத்தபோது, பிடிப்பு பலமடங்கு கூடியது. நாளத்தினூடாக ஏற்றியே எலிகளின் கட்டியை அழிக்க முடிந்தது. 2020இல் வந்த எம்எஸ்ஏ 2 என்னை மிகவும் கவர்ந்தது. நிறை 300ஐயும் எட்டாது, வாயால் விழுங்கலாம். தனியாக நின்றால் வலுவற்றது. இரண்டு ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஸ்டிங்கைப் பிடிக்கும். அதன் காபொட்சிலிக் அமிலம் சாதாரண இழையத்தில் மின்னேற்றத்தோடு இருப்பதால் கலத்துக்குள் எளிதில் நுழையாது. புற்றுக்கட்டி தன் வளர்ச்சியில் இலற்றிக்கமிலத்தைக் கக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. அந்த அமிலச் சூழலில் மூலக்கூறு மின்னேற்றம் இழந்து உள்ளே நுழைகிறது. கட்டியின் கெட்ட குணமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. குளிசையை விழுங்கியும் இடத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதன் முதல் தெளிவான வரைபடம் இது. ஆனால் அந்தச் சான்று எலிகளிடமிருந்து வந்தது. டிஎம்எக்ஸ்ஏஏ கதை தெரிந்த எவரும் அதை மறக்கக்கூடாது.

வேறு தடைகளும் உண்டு. ஸ்டிங் மிகையாக எழுந்தால், கட்டியைக் கொல்ல வரவேண்டிய டி கலங்களே மடிந்துபோகின்றன. சில கட்டிகள் ஸ்டிங் மரபணுவை அணைத்தே வைத்திருக்கின்றன. ஸ்டிங் தூண்டியைப் பிறபொருளெதிரியோடு இணைத்துக் கட்டிக்கு அனுப்பும் எக்ஸ்எம்டி 2056 பரிசோதனையில் ஒரு நோயாளி இறந்ததால் 2023 மார்ச்சில் அது இடைநிறுத்தப்பட்டது. தலை, கழுத்துப் புற்றுநோயில் டி.எல்.ஆர். 8ஐத் தூண்டும் மோட்டோலிமோட்டை 195 பேரிடம் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவில் மொத்தக் கூட்டத்துக்குப் பயன் தெரியவில்லை; மனிதப் பப்பிலோமா வைரசோடு தொடர்புள்ள கட்டி கொண்டவர்களிடம் மட்டும் பயனின் அறிகுறி இருந்தது. நமது வெற்றிலைப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வகை இல்லை.

தெல்லிப்பழைக் கதிர்வீச்சு அறைக்கும் ஸ்டிங்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கதிர்வீச்சு டி.என்.ஏ.யை உடைக்கும்போது துண்டுகள் கலச்சாற்றுக்குள் கசிகின்றன, சிகாஸ் விழிக்கிறது. எலிகளில் ஸ்டிங்கை நீக்கிவிட்டால் கதிர்வீச்சின் பலன் குறைவதை 2014இல் காட்டினார்கள். ஒரே தடவையில் 12 முதல் 18 கிரேக்கு (கதிர்வீச்சளவின் அலகு) மேல் கொடுத்தால் ட்ரெக்ஸ் 1 என்ற நொதியம் கிளம்பி அந்தத் துண்டுகளை அழித்து எச்சரிக்கையை நிறுத்திவிடுகிறது என்று 2017இல் தெரிந்தது. நம்மவருக்கு வழக்கமாகக் கிடைப்பது நாளுக்கு 2 கிரே அளவு. ஆகவே ஸ்டிங் குளிசை ஒன்று வருமானால் அது முதலில் பொருந்தக்கூடிய இடம், ஏற்கெனவே நடக்கும் கதிர்வீச்சின் பக்கத்தில்தான். அந்த ஆறு கிழமையைக் குறைக்க அது உதவுமா என்று பரிசோதிப்பது எங்கள் ஊர்க் கேள்வி. பணக்கார நாட்டு நிறுவனம் அதைக் கேட்கப்போவதில்லை.

கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்கு மும்பை சாட்சி. தாட்டா நினைவு வைத்தியசாலையினர் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம், மலிவான மூன்று குளிசைகளோடு, பாதிப் பேருக்கு நிர்ப்பீடனத்தை எழுப்பும் பிறபொருளெதிரியான நிவோலுமாப்பை வழக்கமான அளவின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் பங்கு 16.3 வீதத்திலிருந்து 43.4 வீதமாக உயர்ந்தது. விலைக்கு அஞ்சிக் கேட்கப்பட்ட கேள்வி, விஞ்ஞானத்துக்கும் புதிய விடை தந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று சீந்தில் கொடியும் வேறு பொடிகளும் புற்றுநோயாளர் கையில் திணிக்கப்படுகின்றன. சித்த மருத்துவத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. சீந்தில் ஆராயப்படவேண்டிய மூலிகை. ஆனால் 2021இல் மும்பை வைத்தியர்கள் சீந்தில் உட்கொண்டவர்களிடம் ஈரல் அழற்சி கண்டதை வெளியிட்டார்கள். நிர்ப்பீடனத்தைப் பொத்தாம்பொதுவாகக் கூட்டுவது நன்மை என்ற எண்ணமே பிழை. மேலே சொன்ன வரலாறு முழுதும் அதற்குச் சான்று.

நம்மவர் ஏன் பரிசோதனைகளில் இடம்பெறவேண்டும் என்பதற்கு ஸ்டிங் மரபணுவே காரணம் சொல்கிறது. அதன் மாற்று வடிவம் ஒன்று கிழக்காசியரிடம் பரவலாகவும் ஆபிரிக்கரிடம் அரிதாகவும் இருக்கிறது. அது வேறுபடும் மூன்று இடங்களில் ஒன்று, டிஎம்எக்ஸ்ஏஏ இடறி விழுந்த அதே 230. பொஸ்டனில் பொருந்திய மூலக்கூறு நெடுந்தீவாரின் ஸ்டிங்கிலும் அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் தெல்லிப்பழையும் சேர்ந்து, நோயாளியின் சம்மதத்தோடு வாய்ப்புற்று இழையங்களைச் சேமித்து, எந்தக் கட்டியில் ஸ்டிங் விழித்திருக்கிறது, எதில் அணைந்திருக்கிறது என்று பதிவுசெய்யத் தொடங்கலாம். சம்மதப் பத்திரம் நோயாளிக்கு விளங்கும் தமிழில் இருக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியத்தைத் தமிழில் கற்பித்து நூல்களையும் தமிழில் ஆக்குவித்த மண் இது. மொழி போதாது என்ற சாட்டு எடுபடாது.

ஸ்டிங்கைத் தூண்டும் குளிசை எதுவும் இன்று வரை புற்றுநோய்க்கு அனுமதி பெறவில்லை. பெறும் நாளுக்காக எந்தக் குடும்பமும் காத்திருக்கக்கூடாது. வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, மூன்று கிழமைக்குமேல் ஆறாத புண்ணோ, வாய் திறக்கக் கஷ்டமோ இருந்தால் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு, எங்கிருந்தாலும் பக்கத்து வைத்தியசாலையில் பல் வைத்தியரிடமோ வைத்தியரிடமோ வாயைத் திறந்து காட்டுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் அப்பு ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.